போனை எடுக்காதவரின் கருத்தை எப்படிக் கணிப்பது?

ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் பக்கம் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். அவருடைய பக்கத்து வீட்டுக்காரருக்கு 68 வயது. ரீகன் காலத்திலிருந்து குடியரசுக் கட்சிக்கே ஓட்டுப் போடுகிறவர். பனி கொட்டிய காலைகளில் தன் வாசலைத் தள்ளி முடித்ததும் இவர் வீட்டு வாசலையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போகிற மனிதர். ஆனால் நியூயார்க் டைம்ஸ், சிஎன்என் என்றாலே "எல்லாம் பொய்" என்கிறார். கருத்துக்கணிப்பைப் பற்றிக் கேட்டால், "எங்கள் ஆட்கள் மனம் தளர்ந்து ஓட்டுப் போட வராமல் போகட்டும் என்று செய்கிற வேலை" என்கிறார். அவர் சொல்வதில் உண்மை உண்டா, இல்லை யாராவது அவரை ஏமாற்றி வைத்திருக்கிறார்களா என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பெரிய ஊடகங்களும் கணிப்புகளும் அவர் பக்கத்து மக்களைப் பற்றித் தவறு செய்திருக்கின்றனவா என்பது ஒன்று. அதை வேண்டுமென்றே செய்தார்களா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு என் பதில், ஆமாம், பல முறை. இரண்டாவதற்கு, கணிப்பைப் பொறுத்தவரை இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். செய்தி ஊடகத்தைப் பொறுத்தவரை பதில் அவ்வளவு நேராக இல்லை. அமெரிக்காவில் 17 வருடம் கருத்துக்கணிப்பு நிறுவனங்களில் புள்ளியியல் வேலை பார்த்தவன் நான். ஆகவே கணிப்பைப் பற்றிச் சொல்வது என் கையால் செய்து பார்த்தது. ஊடகத்தைப் பற்றிச் சொல்வது, பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் கணிப்பு செய்து கொடுத்தவனாக அவர்கள் அறை வாசலில் நின்று பார்த்தது மட்டுமே. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். எங்கள் தொழில் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நிற்கிறது. ஆயிரம் பேரைக் கேட்டு 16 கோடி வாக்காளர்களைப் பற்றிச் சொல்ல முடிவது அதனால்தான். ஆனால் பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் அந்தப் பழமொழி செல்லும். அடிச்சோறு கரண்டிக்கே வர மறுத்தால், மேலே எடுத்த பருக்கையைப் பார்த்து அடி குழைந்ததா தீய்ந்ததா என்று சொல்ல முடியாது. இந்தப் பாடத்தை அமெரிக்கா 1936லேயே கற்றது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் ஒரு கோடி பேருக்குத் தபாலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் 57 சதவீதம் வாங்கி அதிபர் ரூஸ்வெல்ட்டைத் தோற்கடிப்பார் என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் ஏறக்குறைய 61 சதவீதம் வாங்கினார், மேய்னும் வெர்மான்ட்டும் தவிர மற்ற எல்லா மாநிலங்களையும் பிடித்தார். தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும் பெயர் எடுத்ததால் பணக்காரர்கள் அதிகமாகச் சேர்ந்துவிட்டார்கள் என்று பாடப்புத்தகத்தில் எழுதுவார்கள். அது பாதிக் காரணம். 1937ல் காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் எடுத்த ஒரு கணிப்பைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது, சீட்டு கிடைத்தும் திருப்பி அனுப்பாதவர்களில் ரூஸ்வெல்ட் ஆதரவாளர்கள் அதிகம் என்று தெரிந்தது. கோபமாக இருந்தவர்கள் எழுதிப் போட்டார்கள், திருப்தியாக இருந்தவர்கள் சும்மா இருந்துவிட்டார்கள். பட்டியல் கோணல் என்றால் திருத்தலாம். பதில் சொல்லாதவரின் மனதைத் திருத்திக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

இன்றைய நிலைமை அதைவிட மோசம். பியூ ஆய்வு மையம் தன் தொலைபேசிக் கணிப்புகளில் எத்தனை பேர் பதில் சொல்கிறார்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்லி வந்தது. 1997ல் நூற்றுக்கு 36. 2012ல் 9. 2018ல் 6. அதாவது நூறு வீட்டை முயன்றால் 94 வீடு கையை விரித்துவிடுகிறது. பேசுகிற ஆறு பேர் பேசாத 94 பேரைப் போலவே இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பல விஷயங்களில் அப்படித்தான் இருக்கிறார்கள், அதனால்தான் கணிப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தில் வித்தியாசம் உண்டு. கணிப்புக்குப் பதில் சொல்கிறவர்கள் தொண்டு வேலை செய்வது, ஊர்க் காரியங்களில் கலந்துகொள்வது போன்றவற்றில் மற்றவர்களைவிட அதிகம் ஈடுபடுகிறவர்கள் என்று பியூவின் ஆய்வுகளே காட்டின. முன்பின் தெரியாத ஒரு குரலை நம்பிப் பதினைந்து நிமிடம் பேச ஒரு மனம் வேண்டும், அவ்வளவுதான்.

2016ல் நான் கேட்ட ஓர் ஒலிப்பதிவை இன்னும் மறக்கவில்லை. தரம் பார்ப்பதற்காக மாதத்துக்குச் சில அழைப்புகளைக் கேட்போம். மேற்குப் பென்சில்வேனியாவில் ஓர் அம்மா. குரலில் அறுபதைத் தாண்டியவர் என்று தெரிந்தது. எங்கள் பணியாளர், இது ஒரு பத்திரிகைக்காக நடக்கும் கணிப்பு என்று சொன்னதும், அவர் கோபப்படாமல் நிதானமாகச் சொன்னார்: "நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள் என்று முன்னாலேயே முடிவு செய்துவிட்டீர்கள். நான் எதற்கு?" போனை வைத்துவிட்டார். என் கோப்பில் அவர் 'மறுப்பு' என்ற ஒரு குறியீட்டு எண்ணாக வந்து சேர்ந்தார். அப்புறம் என் வேலை தொடங்கியது. அதே வயது, அதே படிப்பு, அதே வட்டாரத்தில் பேச ஒப்புக்கொண்ட வேறொரு பெண்ணின் பதிலை 2.3 ஆல் பெருக்கினேன். எடை போடுவது என்று நாங்கள் சொல்வது இதுதான். போனை வைத்த அம்மாவுக்காக இந்த இரண்டாவது பெண் பேசுகிறார் என்று வைத்துக்கொள்கிறோம். வயது ஒன்று, படிப்பு ஒன்று, ஊர் ஒன்று. ஆனால் ஒருவர் எங்களை நம்பினார், மற்றவர் நம்பவில்லை. அந்த நம்பிக்கையே ஓட்டோடு சேர்ந்து நகர ஆரம்பித்துவிட்டால், என் பெருக்கல் எதையும் சரிசெய்யாது, தவறைத்தான் பெரிதாக்கும்.

எடை போடுவதில் எவ்வளவு மனிதத் தீர்ப்பு கலந்திருக்கிறது என்பதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. 2016 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ், ஃப்ளோரிடாவில் 867 பேரிடம் எடுத்த ஒரே கணிப்பின் மூலத் தரவை நான்கு திறமையான குழுக்களிடம் கொடுத்தது. தன் சொந்தக் கணக்கையும் சேர்த்து ஐந்து முடிவுகள் வந்தன. ஒன்றில் ஹிலாரி கிளிண்டன் 4 சதவீதப் புள்ளி முன்னிலை, இன்னொன்றில் டிரம்ப் 1 புள்ளி முன்னிலை, மற்றவை இடையில். கேட்ட ஆட்கள் அதே ஆட்கள், சொன்ன பதிலும் அதே பதில். யார் ஓட்டுப் போட வருவார்கள், எந்தக் குணங்களுக்கு எடை போடுவது என்ற முடிவில் மட்டுமே வித்தியாசம். இதை அந்தப் பத்திரிகையே தன் பக்கத்தில் வெளியிட்டது என்பதை உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். மறைக்க நினைப்பவர்கள் இதைச் செய்ய மாட்டார்கள்.

2016 நவம்பரில் நடந்தது இதன் தொடர்ச்சி. நாடு தழுவிய கணிப்புகளின் சராசரி கிளிண்டனுக்குச் சுமார் 3 புள்ளி முன்னிலை என்றது, மொத்த வாக்கில் அவர் 2.1 புள்ளி முன்னால் முடித்தார். அது மோசமில்லை. மாநிலக் கணிப்புகள்தான் உடைந்தன. விஸ்கான்சினில் ஆறு புள்ளிக்கு மேல் கிளிண்டன் முன்னிலை என்று சராசரி சொன்னது, டிரம்ப் சுமார் 22,700 ஓட்டில் ஜெயித்தார். அமெரிக்கப் பொதுக்கருத்து ஆய்வுச் சங்கம் அடுத்த வருடம் வெளியிட்ட அறிக்கை இரண்டு காரணங்களை உறுதியாகச் சொன்னது. கடைசி வாரத்தில் மனம் முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் டிரம்ப் பக்கம் போனார்கள். அப்புறம், பல மாநிலக் கணிப்புகள் கல்லூரிப் படிப்புக்கு எடை போடவில்லை. படித்தவர்கள்தான் கணிப்புக்கு அதிகம் பதில் சொல்கிறார்கள். முன்பு படிப்பு ஓட்டை அவ்வளவு பிரிக்கவில்லை, அந்த வருடம் பிரித்தது. இது சோம்பலால் வந்த தவறு, எங்கள் தொழில் வெட்கப்பட வேண்டிய தவறு. அதைவிடப் பெரிய தவறு, அந்தக் கணிப்புகளை வைத்து கிளிண்டன் வெல்ல 98 சதவீத வாய்ப்பு என்று ஹஃபிங்டன் போஸ்ட் என்ற செய்தி இணையதளம் சொன்னது. மாநிலங்கள் தனித்தனியாகத் தவறும் என்று நினைத்துவிட்டார்கள். விஸ்கான்சினில் விட்டுப்போன ஆள் மிச்சிகனிலும் பென்சில்வேனியாவிலும் விட்டுப்போவார் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, படிப்புக்கு எடை போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பினோம். ஏறக்குறைய எல்லோரும் போட்டோம். 2020 இன்னும் மோசமாக முடிந்தது. அதே சங்கத்தின் கணக்குப்படி தேசிய அளவில் இரு வேட்பாளர்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் கணித்ததில் பிழை 4.5 புள்ளி, 40 வருடத்தில் இதுவே அதிகம். ஏபிசியும் வாஷிங்டன் போஸ்ட்டும் அக்டோபர் கடைசியில் விஸ்கான்சினில் பைடன் 17 புள்ளி முன்னிலை என்று வெளியிட்டார்கள். அவர் வென்றது 0.6 புள்ளியில். மேய்னில் குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸ் கடைசி மாதங்களின் எந்தப் பொதுக் கணிப்பிலும் முன்னால் இல்லை, 8 புள்ளிக்கு மேல் ஜெயித்தார். 2024லும் கணிப்புகள் ஹாரிஸ் ஒரு புள்ளி முன்னால், ஏறக்குறைய சமம் என்றன. டிரம்ப் 49.8க்கு 48.3 என்று முடித்தார். பிழை சிறியது, ஆனால் மூன்றாவது முறையும் அதே பக்கம். பக்கத்து வீட்டுக்காரர் "எப்போதும் எங்களைக் குறைத்துத்தான் காட்டுகிறார்கள்" என்று சொல்வது இந்த மூன்றையும் பார்த்துத்தான். அந்த மூன்றைப் பொறுத்தவரை அவர் சொல்வது உண்மை, அதை நான் மழுப்ப மாட்டேன்.

ஆனால் 'எப்போதும்' என்பது உண்மையில்லை. 2012ல் தேசிய சராசரி ஒபாமாவுக்கு ஒரு புள்ளிகூட முன்னிலை தரவில்லை, அவர் ஏறக்குறைய 4 புள்ளியில் வென்றார். அந்த வருடம் கணிப்புகள் ஜனநாயகக் கட்சிக்குச் சாய்ந்திருக்கின்றன என்று சொல்லி, அவற்றைத் 'திருத்தி' குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னி முன்னால் இருப்பதாகக் காட்டிய இணையதளத்தை நம்பியவர்கள் தேர்தல் இரவில் திகைத்துப் போனார்கள். 2022ல் குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு அலை என்று பேச்சு. அந்தக் கட்சிக்குச் சாதகமான கணிப்புகளையே தொடர்ந்து வெளியிட்ட சில நிறுவனங்கள் பென்சில்வேனியாவின் செனட் தேர்தலில் அந்தக் கட்சியின் ஆஸ் முன்னால் என்றன. ஜனநாயகக் கட்சியின் ஃபெட்டர்மன் சுமார் 5 புள்ளியில் ஜெயித்தார். சதி இருந்தால் அது ஒரே திசையில் இருக்க வேண்டும், ஒவ்வொரு தேர்தலிலும் இருக்க வேண்டும். இங்கே பிழை திசை மாறுகிறது, டிரம்ப் பெயர் வாக்குச்சீட்டில் இருக்கும்போது மட்டும் ஒரே பக்கம் நிற்கிறது. இந்த ஒழுங்கு, போனை எடுக்காத ஒரு குறிப்பிட்ட வகை வாக்காளர் அவருக்காக மட்டும் ஓட்டுப் போட வருகிறார் என்பதோடு பொருந்துகிறது. எண்களை மாற்றுகிறார்கள் என்பதோடு பொருந்தவில்லை.

உள்ளே இருந்தவனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேர்தல் கணிப்பில் பணம் அதிகம் இல்லை. சோப்பு, காப்பீடு, மருத்துவமனை என்று மற்ற வேலைகளில்தான் நிறுவனம் ஓடுகிறது. தேர்தல் கணிப்பு மட்டும்தான் ஒரு குறிப்பிட்ட நாளில் ஊரறியச் சரிபார்க்கப்படுகிறது. தவறினால் பெயர் போகும். அயோவா மாநிலத்தின் கணிப்பாளர் ஆன் செல்சர் இதற்குச் சாட்சி. 2016லும் 2020லும் மற்றவர்கள் கடும் போட்டி என்று சொன்னபோது அவர் தனியாக நின்று டிரம்ப் 7 புள்ளி முன்னால் என்றார், இரண்டு முறையும் திசை சரி. அப்போது குடியரசுக் கட்சிக்காரர்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2024ல் அதே முறையில் எடுத்த கணிப்பில் ஹாரிஸ் 3 புள்ளி முன்னால் என்று வந்தது. விசித்திரமாக இருக்கிறது என்று தெரிந்தும் வெளியிட்டார். டிரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார். அது பெரிய தவறு. ஆனால் தனக்கு வந்த எண்ணை அப்படியே வெளியிடும் நேர்மையும் அதில் இருக்கிறது. எனக்கு உண்மையில் கவலை தருகிறவர்கள், விசித்திரமான எண் வந்தால் வெளியிடாமல் விடுகிறவர்களும், எடையைக் கொஞ்சம் தட்டி எல்லோருடைய எண்ணுக்கும் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறவர்களும்தான். மந்தையோடு போவது என்று இதைச் சொல்வோம். 2024ன் கடைசி வாரங்களில் போட்டி மாநிலங்களில் 'சமம், சமம்' என்று வந்த கணிப்புகளின் எண்ணிக்கை, தற்செயலாக வரக்கூடியதைவிட அதிகமாகத் தெரிந்தது. யார் செய்தார்கள் என்று நிரூபிக்க வழியில்லை, அதனால் இதைச் சந்தேகம் என்ற கணக்கில் மட்டும் வைக்கிறேன்.

'பிழை வரம்பு 3 சதவீதம்' என்று போடுவது பற்றி ஒரு வார்த்தை. அது ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணுக்கும் தனித்தனியாக. இருவருக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதுவும் தற்செயலால் வரும் பிழை மட்டும், போனை எடுக்காதவர்களால் வரும் பிழை அதில் இல்லை. 1998 முதல் 2014 வரை நடந்த 608 மாநில அளவிலான போட்டிகளின் 4,221 கணிப்புகளை ஆராய்ந்து 2018ல் வந்த ஒரு கட்டுரை, உண்மையான பிழை சொல்லப்பட்டதைப்போல் சுமார் இரு மடங்கு என்று காட்டியது. செய்தி வாசிப்பவர் "2 புள்ளி முன்னிலை பெற்றார்" என்று சொன்னால், அது முன்னிலையே இல்லை. இதை ஊடகங்கள் தெரிந்தே மறைக்கின்றன என்று நான் நினைக்கவில்லை. 'ஒன்றும் தெரியவில்லை' என்பது தலைப்பாகாது, அதுதான் விஷயம்.

இனி ஊடகம். காலப் நிறுவனம் 1972ல் கேட்டபோது, செய்திகளை முழுமையாகவும் சரியாகவும் நியாயமாகவும் தருகிறார்கள் என்று நம்பியவர்கள் 68 சதவீதம், வாட்டர்கேட் ஊழலுக்குப் பின் 1976ல் 72. 2024ல் 31. கட்சி வாரியாகப் பார்த்தால் அந்த வருடம் ஜனநாயகக் கட்சியினரில் 54, குடியரசுக் கட்சியினரில் 12. கணிப்பையே நம்பாதவரிடம் கணிப்பு எண்ணைக் காட்டி என்ன பயன் என்று கேட்கலாம். பேச மறுக்கிறவர்கள் கூடுதல் அவநம்பிக்கை உள்ளவர்கள் என்றால், உண்மை நிலை இந்த 12ஐவிடக் கீழேதான் இருக்க முடியும். இந்தக் கோபம் நேற்று வந்ததும் இல்லை. 1969 நவம்பரில் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ அயோவாவின் டெ மாய்ன் நகரில் பேசினார். நாடே பார்க்கும் இரவுச் செய்தியில் எது வரவேண்டும் என்பதை யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு சிறு கூட்டம் முடிவு செய்கிறது என்றார். நான்கே வருடத்தில் அவர் வரி ஏய்ப்பு வழக்கில் பதவி விலகினார். ஆனால் அவர் தொட்ட நரம்பு நிஜமானது.

அது நிஜம் என்பதற்கு ஆதாரம் பத்திரிகையாளர்களிடமே இருக்கிறது. அவர்களை வருடக்கணக்காகக் கேட்டுவரும் ஒரு கல்வித்துறை ஆய்வில், 1971ல் தங்களைக் குடியரசுக் கட்சிக்காரர் என்று சொன்னவர்கள் 25.7 சதவீதம். 2022ல் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் அதைத் தொடர்ந்தபோது 3.4. ஜனநாயகக் கட்சி என்றவர்கள் 36.4, பாதிக்கு மேற்பட்டோர் எந்தக் கட்சியும் இல்லை என்றார்கள். கட்சி எதுவாக இருந்தாலும் ஒருவர் நேர்மையாக எழுத முடியும், அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓர் அறையில் ஒரே மாதிரி ஆட்கள் இருந்தால் எந்தக் கேள்வி அங்கே எழவே எழாது என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு நாளிதழ் எங்களுக்கு அனுப்பிய கேள்வித்தாள் வரைவில், 'துப்பாக்கி வன்முறையைக் குறைக்க நியாயமான சட்டங்கள் வேண்டும் என்பதை ஆதரிக்கிறீர்களா' என்று ஒரு கேள்வி. நியாயமான சட்டத்தை யார் எதிர்ப்பார்கள்? பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டீர்கள் என்று நான் சொன்னபோது, ஆசிரியருக்கு உண்மையாகவே புரியவில்லை. இரண்டு முறை பேசிய பிறகு மாற்றினார், நன்றியும் சொன்னார். யாரும் பொய் சொல்லவில்லை. அந்த அழைப்பில் இருந்த ஏழு பேரில் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை, என்னையும் சேர்த்து. 'வேண்டுமென்றே' என்ற சொல் இங்கே பொருந்தாது என்பது இதனால்தான்.

இது பெரிய செய்திகளில் நடக்கும்போது விலை அதிகம். 2004 செப்டம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சி, அதிபர் புஷ் இளமையில் தேசியக் காவல்படையில் இருந்த காலம் பற்றிச் சில ஆவணங்களைக் காட்டியது. சில மணி நேரத்தில் சாதாரண வாசகர்கள் அந்த எழுத்துரு எழுபதுகளின் தட்டச்சு மாதிரி இல்லையே என்று கேட்டார்கள். ஆவணங்கள் உண்மை என்று நிலைநாட்ட அந்த நிறுவனத்தால் முடியவில்லை, டான் ராதர் அடுத்த மார்ச்சில் செய்தி நாற்காலியை விட்டார். 2020 பிப்ரவரியில், கொரோனா வைரஸ் ஆய்வகத்திலிருந்து வந்திருக்கலாம் என்று கேட்ட செனட்டர் டாம் காட்டனின் பேச்சை வாஷிங்டன் போஸ்ட் ஏற்கெனவே பொய்யென்று காட்டப்பட்ட சதிக்கதை என்று தலைப்பிட்டது. 2021 மே மாதம் அந்தச் சொற்களைத் திருத்தியது. அது ஆய்வகத்திலிருந்துதான் வந்தது என்று இன்றும் நிரூபணம் இல்லை, இல்லை என்றும் நிரூபணம் இல்லை. முதல் நாளில் இல்லாத உறுதியைக் காட்டியதுதான் குற்றம். 2020 அக்டோபரில் ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடனின் மடிக்கணினி பற்றி நியூயார்க் போஸ்ட் எழுதியபோது ட்விட்டர் அந்த இணைப்பையே தடுத்தது. முன்னாள் உளவுத்துறையினர் 51 பேர், இது ரஷ்ய வேலையின் சாயலில் இருக்கிறது என்று கடிதம் எழுதினார்கள். ஆதாரம் எங்களிடம் இல்லை என்று அதே கடிதத்தில் இருந்த வரி பல செய்திகளில் காணாமல் போனது. 2022 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் அந்த மின்னஞ்சல்களில் பலவற்றை உண்மை என்று உறுதி செய்தன. ஜோ பைடன் லஞ்சம் வாங்கினார் என்பது அதன் வழியே நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தேர்தலுக்கு மூன்று வாரம் முன்பு சாதாரண ஆர்வத்தோடு விசாரிக்க வேண்டியதைப் பலர் விசாரிக்கவில்லை. தனக்குப் பிடித்த செய்திக்கு ஒரு சரிபார்ப்பு, பிடிக்காத செய்திக்கு மூன்று என்பதுதான் நான் பார்த்த சாய்வு. பொய் எழுதுவதைவிட இது அதிகம் நடக்கிறது.

இதுவரை பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் பேசினேன். அவர் தவறுகிற இடம் இனிமேல். பெரிய ஊடகத்தை விட்டு அவர் வேறெங்கோ போகிறார் இல்லையா, அங்கே என்ன நடந்தது? 2020 தேர்தல் இரவில் அரிசோனா பைடனுக்கு என்று முதலில் அறிவித்தது, குடியரசுக் கட்சியினர் அதிகம் பார்க்கும் ஃபாக்ஸ் நியூஸ். என் தொழில் கண்ணோடு பார்த்தால் அது கொஞ்சம் அவசரம், நானாக இருந்தால் காத்திருப்பேன். ஆனால் அறிவிப்பு சரி, பைடன் 10,457 ஓட்டில் வென்றார். பார்வையாளர்கள் கொதித்தார்கள், பலர் வேறு சேனலுக்குப் போனார்கள். அப்புறம் ஓட்டு எந்திரத்தில் மோசடி என்ற பேச்சுக்கு அதே சேனலில் இடம் கிடைத்தது. அந்த எந்திரங்களைச் செய்யும் டொமினியன் நிறுவனம் தொடுத்த வழக்கில் வெளிவந்த உள் செய்திகளில், முன்னணித் தொகுப்பாளர்கள் அந்தக் குற்றச்சாட்டுகளைத் தாங்களே நம்பவில்லை என்பதும், பார்வையாளர்களை இழக்கும் பயம் இருந்தது என்பதும் தெரிந்தது. 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். அரிசோனாவில் குடியரசுக் கட்சி செனட்டர்களே ஏற்பாடு செய்த மறு எண்ணிக்கையில் பைடனின் முன்னிலை 360 ஓட்டு கூடித்தான் வந்தது. அறியாமல் சாய்ந்த செய்தி அறையை இவர் பொய் என்கிறார். தெரிந்தே நம்பாத ஒன்றை ஒளிபரப்பியவர்களை அதே அளவுகோலால் அளக்கவில்லை. என் மனத்தாங்கல் அங்கேதான்.

ஏன் அளக்கவில்லை என்பதை ஓரளவு புரிந்துகொள்ள முடிகிறது. உங்கள் ஊர்ப் பத்திரிகை விண்டிகேட்டர் 1869ல் தொடங்கி 2019 ஆகஸ்டோடு நின்றுபோனது. பக்கத்து வாரன் நகரப் பத்திரிகை பெயரை வாங்கி ஒரு பதிப்பு போடுகிறது, ஆனால் பழைய செய்தி அறை போய்விட்டது. 2005லிருந்து அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்திரிகைகள் மூடிவிட்டன. தன் ஊர் வரி, பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை ஃபுட்பால் ஆட்டம் பற்றி எழுதியவரை அவர் மளிகைக் கடையில் பார்த்திருப்பார். தவறாக எழுதினால் நேரில் கேட்டிருப்பார். ஊர்க்காரர் பொய் சொன்னால் கண்டுபிடிக்க முடியும் என்ற தெம்பில்தான் அவரை நம்பியிருக்கிறார். இப்போது அவருக்குக் கிடைப்பதெல்லாம் வாஷிங்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வரும் குரல்கள், இரு பக்கமும். அவற்றைச் சரிபார்க்க அவரிடம் வழியில்லை, அதனால் பிடித்த குரலைத் தேர்ந்தெடுக்கிறார்.

எங்கள் தொழில் இப்போது செய்துகொண்டிருக்கும் திருத்தத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பலர், போன தேர்தலில் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டு அதற்கும் எடை போடுகிறார்கள். 2024ல் பிழை குறைந்ததற்கு அது உதவியிருக்கலாம். ஆனால் ஜெயித்தவருக்கே போட்டேன் என்று மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. அதோடு, டிரம்ப் பெயர் இல்லாத தேர்தலில் இதே எடை எதிர்ப்பக்கம் தள்ளிவிடவும் கூடும். 2020ன் பிழைக்குக் காரணம் என்ன என்று அந்தச் சங்கத்தாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தாமதமாக முடிவெடுத்தவர்கள் காரணம் இல்லை, படிப்புக்கு எடை போடாதது காரணம் இல்லை, கணிப்பாளரிடம் வெட்கப்பட்டு மறைத்தார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். மிஞ்சியது, பேசிய குடியரசுக் கட்சிக்காரரும் பேசாத குடியரசுக் கட்சிக்காரரும் ஒருவரைப் போல் ஒருவர் இல்லை என்பது. பேசாதவரைக் கேட்டால்தான் நிரூபிக்க முடியும், அவர்தான் பேசமாட்டார். பென்சில்வேனியா அம்மாவின் குரலைக் கேட்டதால் நான் அதையே நம்புகிறேன்.

ஆகவே அவரிடம் போய் நீங்கள் ஏமாந்தவர் என்று சொல்லாதீர்கள், அது உண்மையும் இல்லை. 2016, 2020, மடிக்கணினி, ஆய்வகம், இவற்றில் உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு அரிசோனாவைப் பற்றிக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். அடுத்த கணிப்புக்காரர் போன் செய்யும்போது, இதற்குப் பணம் யார் கொடுக்கிறார்கள், எத்தனை பேரைக் கேட்கிறீர்கள், கேள்வியின் முழு வாசகத்தையும் முடிவோடு சேர்த்து வெளியிடுவீர்களா என்று அவரைக் கேட்கச் சொல்லுங்கள். நேர்மையான நிறுவனம் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லும், உடனே முடியாவிட்டால் எங்கே பார்க்கலாம் என்றாவது சொல்லும். சொன்னால் பதினைந்து நிமிடம் பேசட்டும். சொல்லாவிட்டால் போனை வைத்துவிடட்டும், நானும் அப்படித்தான் செய்வேன்.